நாள் தள்ளிப்போன வாரம்

சென்னையில் ஒரு பெண் கருவுற்றால் அவளைச் சுற்றி ஒரு நாட்காட்டி தானாக அமைந்துவிடுகிறது. பன்னிரண்டு வார ஸ்கேன், இருபது வார ஸ்கேன், சர்க்கரைச் சோதனை, தடுப்பூசி, ஏழாம் மாதமோ ஒன்பதாம் மாதமோ வளைகாப்பு. நடுவில் கிரகணம் வந்தால் ஜன்னலைச் சாத்திக்கொண்டு உள்ளே இருக்க வேண்டும், கத்தியைத் தொடக் கூடாது. டாக்டர் விதித்ததும் மாமியார் விதித்ததும் சண்டை போடாமல் இந்த நாட்காட்டியில் இடம்பிடித்துக்கொள்கின்றன. ஆனால் குழந்தையின் கண்ணையும் காதையும் பொறுத்தவரை இந்த நாட்காட்டி தொடங்குவதே தாமதமாகத்தான்.

கணக்கு எளியது. டாக்டர்கள் கர்ப்ப வாரங்களைக் கடைசி மாதவிலக்கின் முதல் நாளிலிருந்து எண்ணுகிறார்கள். கருவியல் அறிஞர்கள் கரு உருவான நாளிலிருந்து எண்ணுகிறார்கள். இரண்டுக்கும் ஏறக்குறைய இரண்டு வாரம் வித்தியாசம். இருபத்தெட்டு நாளுக்கு ஒருமுறை விலக்காகும் பெண்ணுக்கு, அடுத்த விலக்கு வர வேண்டிய தேதியில் கருவுக்கு வயது பதினான்கு நாள். “ஒரு வாரமா நாள் தள்ளிப்போயிருக்கு” என்று அவள் அக்காவிடம் சொல்லும்போது இருபத்தொரு நாள். அதற்கடுத்த ஓரிரு நாட்களில், மூன்று மில்லிமீட்டர் அளவே உள்ள அந்தக் கருவின் தலைப்பக்கத்தில் இரண்டு சிறு பள்ளங்கள் விழுகின்றன. கண்களின் தொடக்கம் அது. அதே நாட்களில் சற்றுப் பின்னால், பின்மூளை உருவாகும் இடத்தின் இரு பக்கமும் மேல்தோல் தடித்து இரண்டு வட்டங்கள் தோன்றுகின்றன. உட்காதுகளின் தொடக்கம் அது. மயிலாப்பூரிலோ தி.நகரிலோ ஒரு பெண் மருந்துக்கடைக்குப் போய்ச் சோதனைப் பட்டை வாங்கலாமா, இன்னும் இரண்டு நாள் பார்க்கலாமா என்று யோசித்துக்கொண்டிருக்கும் வாரத்தில் இவ்வளவும் நடந்துவிடுகிறது. அடுத்த ஐந்து வாரங்களில் இரண்டு புலன்களின் கட்டுமானமும் பெரும்பாலும் முடிந்துவிடும்.

இந்த ஐந்து வாரங்களில் என்ன நடக்கிறது, அது தவறினால் என்ன ஆகிறது, அதில் சென்னை கற்றதும் கற்காததும் என்ன என்பதே இக்கட்டுரை.

*

கண் மூளையின் ஒரு துண்டு. இது உவமையன்று. கருவின் முன்மூளைக் குழாய் முழுதாக மூடிக்கொள்வதற்கு முன்பே அதன் சுவர் இருபுறமும் பிதுங்கி இரண்டு பைகளாக வெளியே வளர்கிறது. பை மேல்தோலைப் போய்த் தொட்ட இடத்தில் தோல் தடிக்கிறது, குழிகிறது, உருண்டு கழன்று உள்ளே விழுகிறது. அந்த உருண்டைதான் லென்ஸ். அதே நேரத்தில், காற்றுக் குறைந்த ரப்பர் பந்தைக் கட்டைவிரலால் அமுக்கினால் ஒரு பாதி மறுபாதிக்குள் ஒடுங்குவதைப் போல, மூளையிலிருந்து வந்த பையும் உள்வாங்கி இரட்டைச் சுவருள்ள கிண்ணமாகிறது. உள்சுவர் விழித்திரை. வெளிச்சுவர் அதற்குப் பின்னால் கறுப்பு நிறமி படிந்த மெல்லிய அடுக்கு.

மூளைப் பை தொட்டதால்தான் தோல் லென்ஸாகிறதா, அல்லது தோல் தன்பாட்டில் லென்ஸாகத்தான் இருந்ததா? 1901இல் ஹான்ஸ் ஸ்பேமன் என்ற ஜெர்மானியர் தவளைக் கருவில் இதைச் சோதித்தார். சூடான ஊசியால் ஒரு பக்கத்துக் கண்பையை மட்டும் பொசுக்கினார். அந்தப் பக்கம் லென்ஸ் உருவாகவில்லை. ஒரு திசு இன்னொரு திசுவைத் தொட்டு அதன் தலைவிதியை மாற்றுகிறது என்பதற்கு அது முதல் நல்ல சான்று. ஆனால் வேறொரு தவளை இனத்தில் அதையே செய்து பார்த்தபோது, பை இல்லாமலேயே லென்ஸ் வந்தது. விவாதம் பல ஆண்டுகள் நீடித்தது. தோல் முன்கூட்டியே ஓரளவு தயாராக்கப்படுகிறது, தொடுகை அதை முடித்துவைக்கிறது என்பதுதான் இன்றைய புரிதல். பிறகு 1995இல், பாசெல் நகரில் வால்டர் கெரிங்கின் குழு, எலியின் கண் உருவாக்கத்தைத் தொடங்கிவைக்கும் பாக்ஸ்6 மரபணுவைப் பழ ஈயின் காலில் இயங்கச் செய்தது. காலில் கண் முளைத்தது. எலிக் கண்ணன்று, ஈயின் கூட்டுக் கண். கட்டளை கண்ணுள்ள உயிர்கள் பலவற்றுக்கும் ஏறக்குறைய ஒன்றே, கட்டும் முறை மட்டும் அவரவருடையது.

கிண்ணமாக மடிந்ததற்கு நாம் வாழ்நாள் முழுக்க ஒரு விலை கொடுக்கிறோம். ஒளியை உணரும் செல்கள் விழித்திரையின் பின்பக்கம், வெளிச்சத்துக்கு முதுகுகாட்டி அமைந்திருக்கின்றன. மேலும், கிண்ணத்தின் இரண்டு சுவர்களும் ஒட்டிக்கொள்கின்றனவே தவிர, ஒன்றாக இணைவதில்லை. நுங்கம்பாக்கம் கல்லூரிச் சாலையில், எஸ்.எஸ். பத்ரிநாத் 1978இல் தொடங்கிய சங்கர நேத்ராலயாவில், அறுபது வயதுக்காரர் ஒருவர் “கண்ணுக்கு முன்னால திரை விழுந்த மாதிரி இருக்கு” என்று வந்து உட்கார்ந்தால், அவருக்கு விழித்திரை பிரிந்திருக்கக்கூடும். அது பிரியும் இடம், அவர் கருவாக இருந்த ஐந்தாவது வாரத்தில் இரு சுவர்களும் நெருங்கிவந்த அதே இடுக்குதான்.

கிண்ணத்தின் அடிப்பக்கத்தில் ஒரு பிளவும் இருக்கிறது. வளரும் கண்ணுக்கு இரத்தக் குழாய் உள்ளே போக வழி வேண்டும். ஏழாம் வாரத்துக்குள் அது மூடிவிட வேண்டும். மூடாவிட்டால் பிறக்கும் குழந்தையின் கண்மணி வட்டமாக இல்லாமல் கீழ்நோக்கிச் சாவித் துவாரமாக நீண்டிருக்கும். கொலோபோமா என்பார்கள். பிளவு கருமணியோடு நின்றால் பார்வைக்குப் பெரிய கேடில்லை. பின்னால் நரம்புவரை நீண்டால் கேடு பெரிது.

*

காது ஒரே பொருளால் ஆனதன்று. உட்காது, நடுக்காது, வெளிக்காது மூன்றும் வெவ்வேறு இடங்களிலிருந்து வந்து ஒன்றையொன்று சந்திக்கின்றன. இவ்வளவு சிக்கலான சந்திப்பு பெரும்பாலும் பிசகில்லாமல் நடப்பதே வியப்பு.

உட்காதாகப்போகும் தோல் வட்டம் நான்காம் வார முடிவுக்குள் குழிந்து, மூடி, சிறு பையாகிவிடுகிறது. பையின் மேல்பாதியிலிருந்து உடல் சமநிலையை அறியும் மூன்று அரைவட்டக் குழாய்கள் வருகின்றன. கீழ்ப்பாதி நீண்டு சுருளத் தொடங்குகிறது. இரண்டரைச் சுற்றுச் சுருண்டதும் காக்ளியா. பத்தாம் வாரத்துக்குள் சுருள் முடிந்துவிடும். பிறகு அதற்குள் ஒலியை உணரும் மயிர்ச்செல்கள் வரிசை கட்டும், ஒரு காதுக்குச் சுமார் 15,000. இவை அழிந்தால் மனிதருக்கு மறுபடி முளைப்பதில்லை. தீபாவளிக்கு வெடிவைத்து இழந்ததை ஈடுசெய்ய உடலுக்கு வழியே கிடையாது.

நடுக்காதின் மூன்று எலும்புகளின் கதை இன்னும் பழையது. கருவின் கழுத்துப் பகுதியில் மீனுக்குச் செவுள் வளைவுகள் வரும் இடங்களில் நமக்கும் வளைவுகள் தோன்றுகின்றன. முதல் வளைவிலிருந்து சுத்தி எலும்பும் பட்டடை எலும்பும், இரண்டாவதிலிருந்து அங்கவடி எலும்பும் வருகின்றன. 1837இல் கார்ல் ரைஷர்ட் பன்றிக் கருக்களை ஒப்பிட்டு, நம் காதிலுள்ள முதல் இரண்டு எலும்புகளும் ஊர்வனவற்றின் தாடை மூட்டிலுள்ள எலும்புகளும் ஒன்றே என்று காட்டினார். டார்வினின் நூல் வர இன்னும் 22 ஆண்டுகள் இருந்தன. பல்லி இரையைக் கவ்வப் பயன்படுத்தும் எலும்பை வைத்துத்தான் நாம் மார்கழிக் கச்சேரி கேட்கிறோம்.

வெளிக்காது மடல், அதே முதலிரண்டு வளைவுகளின் ஓரத்தில் எழும் ஆறு சிறு மேடுகள் சேர்ந்து உருவாவது. தொடக்கத்தில் அது கழுத்தில் இருக்கிறது. தாடை வளர வளர மேலேறிக் கண் மட்டத்துக்கு வருகிறது. பிறந்த குழந்தையின் காது கண் மட்டத்துக்குக் கீழே இருந்தால் குழந்தை மருத்துவர் ஒருகணம் நின்று மற்ற உறுப்புகளையும் பார்ப்பது இதனால்தான். பயணம் பாதியில் நின்றிருக்கிறது. வேறெதுவும் நின்றிருக்கலாம். மாறாக, மடல் சிறுத்து, துளையே இல்லாமல் பிறக்கும் குழந்தையைப் பார்த்துப் பெற்றோர் “காதே இல்லையே, எப்படிக் கேட்கும்” என்று கலங்குவார்கள். உட்காது வேறு விதையிலிருந்து வந்தது. அது பெரும்பாலும் நன்றாகவே இருக்கும். எலும்பு வழியாக அதிர்வை அனுப்பும் கருவியைத் தலையில் கட்டினால் அந்தக் குழந்தை கேட்கும். ஆக, காது அழகாக இருப்பது கேட்பதற்குச் சான்றன்று. காது இல்லாதிருப்பது கேளாமைக்கும் சான்றன்று.

கர்ப்பத்தின் இருபத்தைந்து வார அளவில் குழந்தை ஒலிக்கு அசைவு காட்டத் தொடங்குகிறது. ஏழாம் மாத வளைகாப்புக்கு இதை விஞ்ஞானச் சான்றாகக் காட்டுவது இப்போது வழக்கமாகிவிட்டது. வளையோசை குழந்தைக்குக் கேட்கும், மூளை வளரும் என்கிறார்கள். உடல் வழியாக உள்ளே போவது பெரும்பாலும் தாழ்ந்த சுருதி ஒலிகள். கண்ணாடி வளையலின் கிலுகிலுப்பு உயர்ந்த சுருதி, வயிற்றுச் சுவரில் பெரிதும் மங்கிவிடும். குழந்தைக்கு நன்றாகக் கேட்பது அம்மாவின் குரல். வளைகாப்பு நல்ல சடங்கு. அதற்கு இந்தச் சான்று தேவையில்லை.

*

எல்லாமே எட்டு வாரத்தில் முடிவதில்லை. விழித்திரையின் இரத்தக் குழாய்கள் கர்ப்பத்தின் பதினாறாம் வார வாக்கில்தான் நரம்பு முனையிலிருந்து விளிம்பை நோக்கிப் புறப்படுகின்றன. மூக்குப் பக்க விளிம்பைத் தொட 36 வாரம், பொட்டுப் பக்க விளிம்பைத் தொட ஏறக்குறைய 40 வாரம் ஆகும். இருபத்தொன்பது வாரத்தில் பிறந்த குழந்தைக்கு அந்தப் பயணம் பாதியில் நிற்கிறது. மீதி, இன்குபேட்டரில் ஆக்சிஜனுக்கு நடுவே நடக்க வேண்டும். ஆக்சிஜன் மிகுந்தால் குழாய்களின் வளர்ச்சி நின்றுவிடும். பிறகு பட்டினி கிடந்த விழித்திரை வெறிகொண்டு தாறுமாறான குழாய்களை வளர்க்கும், அவை சுருங்கி விழித்திரையையே இழுத்துப் பிரித்துவிடும். 1942இல் பாஸ்டனில் டெரி இந்நோயை விவரித்தார். ஆக்சிஜன்மீது சந்தேகத்தைத் திருப்பியவர் 1951இல் மெல்பர்னில் கேட் கேம்பல்.

1996இல் சென்னையின் அரசு மருத்துவமனையொன்றில், இருபத்தொன்பது வாரத்தில், 1,250 கிராம் எடையில் ஒரு பெண் குழந்தை பிறந்தது. குழந்தையின் கண்ணைப் பரிசோதிக்க வேண்டும் என்று பெற்றோரிடம் யாரும் சொல்லவில்லை. சில மாதங்களில் பார்வை போய்விட்டது. வழக்கு பல ஆண்டுகள் நடந்தது. 2015 ஜூலையில் உச்ச நீதிமன்றம் சுமார் 1.8 கோடி ரூபாய் இழப்பீடு விதித்தது. குறைமாதக் குழந்தைக்குப் பிறந்து முப்பது நாளுக்குள் கண் பரிசோதனை என்பது இன்று நாட்டின் வழிகாட்டு நெறி. ஒரு குழந்தை வயிற்றுக்கு வெளியே வந்துவிட்டது என்பதால் அதன் கண்ணும் வந்து சேர்ந்துவிட்டது என்று பொருளில்லை. கருவியல் பாடப்புத்தகத்தில் ஒரு வரியாக இருந்தது நீதிமன்றத்தில் தீர்ப்பானது இப்படித்தான்.

*

ராஜா அண்ணாமலைபுரத்தில் மோகன் காமேஸ்வரனின் காது மூக்கு தொண்டை ஆராய்ச்சி மருத்துவமனை இருக்கிறது. பிறவியிலேயே கேளாத குழந்தைகளைத் தமிழ்நாட்டின் பல மாவட்டங்களிலிருந்தும் அங்கே அழைத்துவருகிறார்கள். “பெரா எடுத்தாச்சா?” என்று செவித்திறன் சோதனையைக் கேட்பதுதான் காத்திருக்கும் பெற்றோருக்குள் முதல் விசாரிப்பு. காக்ளியர் இம்ப்ளான்ட் பொருத்துவதற்கு முன் சி.டி., எம்.ஆர்.ஐ. எடுப்பார்கள். அந்தப் படத்தை அறுவை மருத்துவர் ஒரு தேதிச் சீட்டாகவே படிக்கலாம். 1987இல் ராபர்ட் ஜாக்லர் என்ற அமெரிக்கர் முன்வைத்த வகைப்பாட்டின் அடிப்படை இதுதான்: காக்ளியா எந்த வாரத்தில் வளர்ச்சியை நிறுத்தியதோ அந்த வாரத்தின் வடிவிலேயே உறைந்துவிடுகிறது. நான்காம் வாரத்தில் நின்றால் காக்ளியாவும் சமநிலை உறுப்பும் பிரியாத ஒரே குழி. ஐந்தில் என்றால் காக்ளியாவே இல்லை. ஏழில் என்றால் இரண்டரைக்குப் பதிலாக ஒன்றரைச் சுற்று. இந்த ஒன்றரைச் சுற்றை முதலில் கண்டவர் கார்லோ மொண்டினி, 1791இல், பொலோனியாவில், வண்டிச் சக்கரம் ஏறிய காயத்தால் இறந்த எட்டு வயதுக் காது கேளாத சிறுவனின் உடலில். இன்றைய மரபியல் இந்த வாரக் கணக்கை அவ்வளவு நேராக ஏற்பதில்லை. சில வடிவங்கள் நின்றுபோனவை அல்ல, தொடக்கத்திலிருந்தே வேறு வழியில் வளர்ந்தவை. ஆனாலும் மின்வாயை எவ்வளவு ஆழம் செலுத்தலாம் என்று முடிவெடுக்க அந்த வகைப்பாடு இன்றும் உதவுகிறது. காக்ளியாவோ கேள் நரம்போ இல்லாத குழந்தைகளுக்கு மூளைத்தண்டிலேயே கருவி பொருத்தும் அறுவையையும் இங்கே செய்கிறார்கள்.

பெரும்பாலான குழந்தைகளுக்குப் படத்தில் எந்தக் குறையும் தெரிவதில்லை. காது அழகாகச் சுருண்டிருக்கும். மயிர்ச்செல்களின் அளவில் கோளாறு. தரமணியிலுள்ள சென்னைப் பல்கலைக்கழக வளாகத்தின் மரபியல் துறை இதைத்தான் பல ஆண்டுகளாகத் துருவிவருகிறது. 2003இல் வெளியான ஓர் ஆய்வு, ஜி.ஜே.பி.2 என்ற மரபணுவில் டபிள்யூ24எக்ஸ் என்ற ஒரே பிழை இந்தியக் கேளாமைக் குடும்பங்களில் திரும்பத் திரும்ப வருவதையும், அது ஏதோவொரு பொது மூதாதையிடமிருந்து பரவியிருப்பதையும் காட்டியது. இந்த மரபணு ஆக்கும் புரதம் காக்ளியாவின் செல்களுக்கிடையே அயனிகள் கடக்கும் வாசல். வாசல் இல்லாவிட்டால் வீடு கட்டிமுடித்தும் குடியிருக்க முடியாது. பிழையின் ஒரு படியை மட்டும் சுமப்பவருக்குக் காது நன்றாகக் கேட்கும். பெற்றோர் இருவரும் சுமந்தால் ஒவ்வொரு குழந்தைக்கும் கேளாமைக்கு நான்கில் ஒரு பங்கு வாய்ப்பு.

இங்கேதான் தாய்மாமனும் அத்தை மகனும் வருகிறார்கள். 2019–21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் நூற்றுக்கு ஏறக்குறைய 28 பெண்கள் இரத்த உறவில் மணம் செய்தவர்கள். நாட்டிலேயே மிக அதிகமான விகிதங்களில் ஒன்று இது. மாமனும் அக்காள் மகளும் மணந்தால், பிறக்கும் குழந்தையின் மரபணு இடங்களில் எட்டில் ஒன்றில் இரண்டு படிகளும் ஒரே மூதாதையிடமிருந்து வந்திருக்கக்கூடும். மாமன் மகள், அத்தை மகன் என்றால் பதினாறில் ஒன்று. இதைச் சொன்னால் “எங்க வீட்ல நாலு தலைமுறையா இப்படித்தான், எல்லாரும் நல்லாத்தான் இருக்காங்க” என்று பதில் வரும். அதுவும் பொய்யில்லை. பெரும்பாலான உறவுத் திருமணங்களில் பிறக்கும் குழந்தைகள் நலமாகவே இருக்கிறார்கள். வாய்ப்பு கூடுகிறது என்பதும் நிச்சயம் என்பதும் வேறு வேறு. உறவில் மணப்பதைக் குற்றமாக்கிப் பேசும் மருத்துவர்கள் இந்த வேறுபாட்டைச் சொல்லாமல் விடுவதால்தான் மக்கள் மொத்தமாகக் காதைப் பொத்திக்கொள்கிறார்கள் என்று நினைக்கிறேன். மூத்த குழந்தைக்குக் கேளாமை இருந்தால் ஒரு மரபணுச் சோதனை எடுத்துப் பார்க்கச் சொல்வது உபதேசத்தைவிடப் பயன்தரும்.

கருவி பொருத்துவது பாதி வேலை. ஒலியைப் பொருளாக்கும் மூளைப் பாதைகள் முதல் சில ஆண்டுகளில்தான் அமைகின்றன. அதனால்தான் முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டம் ஆறு வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்கு இம்ப்ளான்டை வழங்குகிறது. பல லட்ச ரூபாய்ச் செலவை அரசே ஏற்பதால், கூலி வேலை செய்பவரின் குழந்தைக்கும் அது கிடைக்கிறது. இம்ப்ளான்ட் என்ற சொல்லே இங்கே புழங்காத 1969இலேயே, சரஸ்வதி நாராயணசாமி பால வித்யாலயா என்ற பள்ளியைத் தொடங்கினார். அடையாறு சாஸ்திரி நகரில் இருக்கும் அந்தப் பள்ளியின் நம்பிக்கை எளியது: மிச்சமிருக்கும் செவித்திறனைக் கைக்குழந்தைப் பருவத்திலேயே பிடித்துக்கொள், அம்மாவையும் வகுப்பில் உட்காரவை. கருவி எவ்வளவு மாறினாலும் இந்த இரண்டும் மாறவில்லை.

*

கருவுக்கு வெளியிலிருந்து வரும் கேடு ஒன்றை மட்டும் முதலில் சொல்லிவிடுகிறேன். 1933இல் டெக்சாஸில் ஃபிரெட் ஹேல் ஒரு பெண் பன்றிக்கு வைட்டமின் ஏ இல்லாத தீனி போட்டு வளர்த்தார். அது ஈன்ற பதினொரு குட்டிகளுக்கும் கண்ணே இல்லை. பிறவிக் குறைகள் எல்லாமே வம்சத்தில் வருபவை என்று நம்பிய காலத்தில், தாயின் உணவும் காரணமாகலாம் என்று காட்டிய சோதனை அது. ஐம்பது ஆண்டுகள் கழித்து இதே வைட்டமினின் மறுமுகம் தெரிந்தது. வைட்டமின் ஏ-யின் உறவுப்பொருளான ஐசோட்ரெட்டினாயின், கடும் முகப்பருவுக்கு மாத்திரையாக 1982இல் அமெரிக்காவில் விற்பனைக்கு வந்தது. கருவுற்ற முதல் வாரங்களில் அதைச் சாப்பிட்ட பெண்களின் குழந்தைகள் காது மடல் சிறுத்தோ இல்லாமலோ பிறந்தன. 1985இல் எட்வர்ட் லாமரின் குழு அதை ஆவணப்படுத்தியது. வைட்டமின் இல்லாவிட்டால் கண் இல்லை, மிகுந்தால் காது இல்லை. முகத்தைக் கட்டும் செல்கள் இடம்பெயர்வதில் இந்தப் பொருளின் அளவுக்கும் பங்குண்டு. அம்மாத்திரை இன்று சென்னை மருந்துக்கடைகளிலும் கிடைக்கிறது. சாப்பிடும் காலத்திலும் நிறுத்திய பின் ஒரு மாதத்துக்கும் கருவுறக் கூடாது என்று சீட்டில் எழுதியிருக்கும். நாள் தள்ளிப்போன பிறகு அந்தச் சீட்டைப் படிப்பதில் பயனில்லை.

*

1941 தொடக்கத்தில் சிட்னியில் நார்மன் கிரெக் என்ற கண் மருத்துவர் வழக்கத்துக்கு மாறாக நிறையக் கைக்குழந்தைகளுக்குக் கண்புரை இருப்பதைக் கவனித்தார். இரு கண்ணிலும், லென்ஸின் நடுவில், அடர்ந்த வெள்ளைப் புரை. அவர் அறையில் காத்திருந்த தாய்மார்கள் பேசிக்கொண்டது காதில் விழுந்தது என்பார்கள்: கர்ப்பமான புதிதில் எனக்கு அந்த ஜெர்மன் அம்மை வந்தது, உனக்குமா? கிரெக் விசாரித்தார். மற்ற மருத்துவர்களின் நோயாளிகளையும் சேர்த்து 78 குழந்தைகள். 68 பேரின் தாய்மாருக்கு அந்த ஜெர்மன் அம்மை, அதாவது ருபெல்லா, வந்திருந்தது. அக்டோபரில் அவர் கட்டுரை படித்ததும் பத்திரிகைகள் அதை எழுதின. அதைப் படித்த வேறு தாய்மார்கள் தாங்களாகவே முன்வந்து, எங்கள் பிள்ளைக்குக் கண் சரி, ஆனால் காது கேட்கவில்லை என்றார்கள். கண்ணையும் காதையும் ஒரே நோயில் முதலில் இணைத்தவர்கள் இந்தப் பெண்கள்தாம். லண்டனின் லான்செட் இதழ் 1944இல்கூட இதைச் சந்தேகத்தோடுதான் எழுதியது.

திருமந்திரத்தின் கரு உற்பத்திப் பகுதியில் குருடும் ஊமையும் பிறப்பதற்கான காரணம் தாயின் வயிற்று மலசலத்தில் தேடப்படுகிறது. நம் வீடுகள் இன்றும் ஏறக்குறைய அங்கேயே தேடுகின்றன. நீ என்ன சாப்பிட்டாய், கிரகணத்தில் ஏன் வெளியே போனாய் என்று. கிரெக்கும் தாயிடம்தான் கேட்டார். பழிக்க அல்ல, தெரிந்துகொள்ள.

சிட்னிப் புள்ளியியலாளர் லங்காஸ்டர் 1951இல் இன்னொரு வேலை செய்தார். ஆஸ்திரேலியாவின் 1911, 1921 மக்கள்தொகைக் கணக்குகளையும் கேளாதோர் பள்ளிப் பதிவுகளையும் எடுத்து, கேளாதோர் எந்த ஆண்டுகளில் பிறந்தவர்கள் என்று அடுக்கினார். 1898, 1899இல் பிறந்தவர்கள் திடீரென்று மிகுந்திருந்தார்கள். ஒரு ருபெல்லா அலை அப்போது வந்துபோயிருக்கிறது. பள்ளிச் சேர்க்கைப் பதிவேடு ஒரு கொள்ளைநோயின் சாட்சியாக ஐம்பது ஆண்டு காத்திருந்தது.

ஏன் கண்ணும் காதும்? கருவின் முதல் வாரங்களில் வைரஸ் லென்ஸ் பைக்குள் நுழைந்துவிட்டால், அதைச் சுற்றி உறை மூடிக்கொள்கிறது. பைக்குள் நீண்டு வளர வேண்டிய இழைகள் அங்கேயே கெடுகின்றன. பிறந்து பல மாதங்கள் கழித்து எடுத்த லென்ஸிலும் உயிருள்ள வைரஸ் இருந்ததுண்டு. உறை முற்றிய பிறகு வந்தால் லென்ஸ் பெரும்பாலும் தப்பிக்கிறது. காக்ளியாவின் நுண்ணிய வேலை இன்னும் நீள்வதால் அதற்கு ஆபத்தும் நீள்கிறது. முதல் பன்னிரண்டு வாரத்துக்குள் தொற்றினால் பத்தில் எட்டு ஒன்பது குழந்தைகளுக்குக் கேடு. பதினாறு வாரத்தில் வந்தால் கண் தப்பும், காது போகலாம்.

அம்மாவுக்கு வருவதோ மூன்று நாள் மெல்லிய தடிப்பு, காதுக்குப் பின்னால் நெறி, கொஞ்சம் காய்ச்சல். பலருக்கு அதுவும் இல்லை. சின்னம்மைக்கும் தட்டம்மைக்கும் வேப்பிலை செருகி, முண்டகக்கண்ணியம்மனுக்கு வேண்டிக்கொள்ளும் மயிலாப்பூரில், இது அம்மை என்ற மரியாதையைக்கூடப் பெறாது. வெயில் கொப்புளம் என்று விட்டுவிடுவார்கள். மயிலாப்பூரிலேயே, சிசு ஸ்கேனுக்குப் பேர்போன மெடிஸ்கேனில், இருபதாம் வாரத்தில் கருவின் கண் கோளங்களையும் லென்ஸையும் திரையில் காண முடியும். புரை முற்றியிருந்தால் வெள்ளையாகத் தெரியவும் கூடும். கேளாத காது எந்த ஸ்கேனிலும் தெரியாது.

1964–65இல் அமெரிக்காவில் வந்த ருபெல்லா அலை ஒன்றேகால் கோடிப் பேரைத் தொற்றியது. சுமார் 20,000 குழந்தைகள் குறையோடு பிறந்தன. அந்த அலையில் ருபெல்லா கண்டு கலைக்கப்பட்ட ஒரு கருவின் திசுவிலிருந்து ஸ்டான்லி ப்ளாட்கின் எடுத்துப் பலவீனப்படுத்திய வைரஸ்தான் ஆர்.ஏ. 27/3. இருபத்தேழாவது கரு, மூன்றாவது திசு என்பது அந்தப் பெயரின் கணக்கு. புனே சீரம் நிறுவனம் தயாரித்து நம் பிள்ளைகளுக்குப் போடும் தடுப்பூசியில் இருப்பது அதே வைரஸ்.

அந்த ஊசி தமிழ்நாட்டுக்கு அரசுத் திட்டமாக வந்தது 2017 பிப்ரவரியில். கர்நாடகம், கோவா, புதுச்சேரி, லட்சத்தீவோடு சேர்ந்து முதல் கட்டம். ஒன்பது மாதம் முதல் பதினைந்து வயதுவரை எல்லாப் பிள்ளைகளுக்கும், பள்ளியிலேயே. ஜல்லிக்கட்டுப் போராட்டம் முடிந்த சூடு ஆறியிருக்கவில்லை, வெளிநாட்டுச் சதி என்ற பேச்சு காற்றில் இருந்தது. ஊசி மலடாக்கும், மயக்கம் வரும் என்று வாட்ஸ்அப்பில் பரவியது. படித்தவர்கள் நிறைந்த சென்னைப் பள்ளிகளிலேயே பெற்றோர் கையெழுத்துப் போட மறுத்தார்கள். இயக்கத்தை மார்ச்சுக்கும் நீட்டிக்க வேண்டியிருந்தது. பிறகு அதே ஊசி ஒன்பதாம் மாதத்திலும் ஒன்றரை வயதிலும் போடும் வழக்கமான அட்டவணையில் சேர்ந்தது.

பிள்ளைகளுக்குப் போட்டுவிட்டோம், சரி. ஆனால் 2017இல் பதினைந்தைத் தாண்டியிருந்தவர்கள், அதாவது 2002க்கு முன் பிறந்த பெண்கள், அந்த இயக்கத்தின் எல்லைக்கு வெளியே நின்றவர்கள். இன்று சென்னையில் முதல் குழந்தை பெறும் வயதில் இருப்பவர்கள் பெரும்பாலும் அவர்கள்தாம். தனியார் டாக்டரிடம் போன தி.நகர், அடையாறு வீட்டுப் பெண்களில் பலருக்குப் பதினைந்தாம் மாதம், ருபெல்லாவும் சேர்ந்த எம்.எம்.ஆர். ஊசி போட்டிருப்பார்கள். அட்டை இருக்கிறதா என்று கேட்டால் வீடு மாறும்போது தொலைந்தது என்பார்கள். வேறு பலருக்குச் சிறுவயதில் தெரியாமலே ருபெல்லா வந்துபோய் எதிர்ப்பு இருக்கும். இரண்டும் இல்லாதவர்கள் மிச்சம். முன்பு குழந்தைப் பருவத்திலேயே வந்துபோன நோய், பிள்ளைகளுக்கு ஊசி போட்டதால் அரிதாகிறது. எதிர்ப்பில்லாத பெண் அதைச் சந்திக்காமலே இருபத்தைந்து, முப்பது வயதை எட்டுகிறாள். கிரேக்கத்தில் இதுதான் நடந்தது. 1975இல் தொடங்கிய தடுப்பூசி போதிய பிள்ளைகளைச் சென்றடையவில்லை. நோய் வயது கூடி வந்து, 1993இல் ஒரே ஆண்டில் 25 குழந்தைகள் பிறவி ருபெல்லாவோடு பிறந்தன. தமிழ்நாட்டின் ஊசி விகிதம் கிரேக்கத்தினுடையதைவிட மேலானது, அது ஆறுதல். ஆனால் தட்டம்மையையும் ருபெல்லாவையும் ஒழிக்க இந்தியா வைத்த 2023 இலக்கு தவறி, 2026க்குத் தள்ளிப்போனது.

டாக்டர்கள் கர்ப்பம் உறுதியான பிறகு எழுதித் தரும் டார்ச் என்ற தொற்றுப் பரிசோதனையில் ருபெல்லா எதிர்ப்பு இல்லை என்று தெரியவந்தால், அப்போது செய்யக்கூடியது எதுவுமில்லை. உயிருள்ள வைரஸ் ஊசி என்பதால் கர்ப்பத்தில் போடுவதில்லை. பிரசவம் ஆன பிறகு போட்டுக்கொள்ளுங்கள் என்பார்கள். திருமணப் பேச்சின்போது ஜாதகம் பார்த்து, பாண்டி பஜாரில் புடவை எடுத்து, மண்டபத்துக்கு முன்பணம் கொடுக்கும் மாதங்களில் ஒருநாள், ருபெல்லா எதிர்ப்பு இருக்கிறதா என்று காட்டும் ஐ.ஜி.ஜி. பரிசோதனைக்கு இரத்தம் கொடுக்கலாம். எதிர்ப்பு இல்லையென்றால் ஒரு எம்.எம்.ஆர். ஊசி. அதன் பிறகு ஒரு மாதம் கருவுறாமல் இருக்க வேண்டும்.